பெங்களூரில் வேலை, தேன்கனிக்கோட்டையில் நிலம்: பாலிஹவுஸா, ஹைட்ரோபோனிக்ஸா, சொட்டுநீரா?

பெங்களூர்த் தமிழர்களில் நிறையப் பேருக்கு அத்திப்பள்ளி டோலைத் தாண்டினால் ஒரு துண்டு நிலம் உண்டு. சூளகிரி, ராயக்கோட்டை, தளி, தேன்கனிக்கோட்டை, இன்னும் தள்ளிப் போனால் கிருஷ்ணகிரி, தருமபுரி. தாத்தா காலத்தில் ராகியும் அவரையும் விளைந்த மண். இப்போது பாதி தரிசு, பாதி குத்தகை. சம்பளத்தில் கொஞ்சம் பணம் சேர்ந்து வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டால், நிலத்தில் ஏதாவது நவீனமாகச் செய்யலாமே என்ற நினைப்பு வந்துவிடும். என் மச்சானுக்கு இப்போது வந்திருக்கிறது.

அவன் நிலவரம் இதுதான். தேன்கனிக்கோட்டைப் பக்கம் 2 ஏக்கர் செம்மண், ஒரு போர்வெல். கையிலிருந்து போடக்கூடியது 12 லட்சம் ரூபாய். பொம்மசந்திராவில் வேலை, அதனால் சனி ஞாயிறு மட்டும்தான் ஊருக்குப் போக முடியும். நிலத்துப் பக்கத்திலேயே இருப்பது மாமாவும் அத்தையும். மாமாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. "பாலிஹவுஸா, ஹைட்ரோபோனிக்ஸா, இல்லை சும்மா சொட்டுநீர் போட்டுத் தக்காளி வைக்கவா? எதுவானாலும் தண்ணியும் மண்ணும் பாழாகக் கூடாது மச்சான்" என்றான். பாலிஹவுஸ் என்றால் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய குடில்; ஹைட்ரோபோனிக்ஸ் என்றால் மண்ணே இல்லாமல் உரம் கரைத்த தண்ணீரில் செடி வளர்ப்பது. இந்தக் கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

விற்க வருகிற கம்பெனிக்காரர்கள் எல்லோரும் ஏக்கருக்கு எத்தனை டன், எத்தனை மாதத்தில் போட்ட முதல் திரும்பும் என்பதிலிருந்து தொடங்குவார்கள். நான் வேறொன்றை முதலில் கேட்பேன்: ஏதாவது பழுதானால் பயிர் எத்தனை நேரம் தாங்கும்? நாம் இருப்பது பெங்களூரில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டைக் கடக்கவே ஒரு மணி நேரம் ஆகிற ஊர் இது. குழாயில் ஓடும் தண்ணீரை நம்பி வேர் தொங்கும் லெட்டூஸ், வெயில் நேரத்தில் பம்பு நின்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் துவண்டுவிடும். பாலிஹவுஸில் மண்ணில் நிற்கும் குடைமிளகாய் ஒரு நாள், கெட்டியான செடியாக இருந்தால் இரண்டு நாள் தாங்கும். வெளியே மூடாக்குப் போட்ட தக்காளி மூன்று நான்கு நாள் பொறுத்துக்கொள்ளும். ராகி? இரண்டு வாரம் மழை இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு நிற்கும்.

நீடித்த விவசாயம் என்று பேசும்போது மண், நீர், பூச்சி என்று மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறோம். நடத்துகிற குடும்பம் இரண்டாம் வருடமே சலித்துப்போய்க் கைவிட்டால், அந்தத் தொழில்நுட்பம் எத்தனை லிட்டர் மிச்சப்படுத்தினாலும் மிஞ்சுவது துருப்பிடித்த குழாய்கள்தான். ஓசூர்ச் சாலையின் இரண்டு பக்கமும் கிழிந்த ஷீட்டோடு நிற்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்திருப்பீர்கள்.

ஹைட்ரோபோனிக்ஸ்: தண்ணீர் மிச்சம், மற்றதெல்லாம் செலவு

தண்ணீர் விஷயத்தில் இதை அடிக்க ஆள் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநில நிலவரத்தை வைத்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கிலோ லெட்டூஸுக்கு வயலில் 250 லிட்டர் தண்ணீர், ஹைட்ரோபோனிக்ஸில் 20 லிட்டர் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் மகசூலும் ஏறக்குறைய பதினொரு மடங்கு. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை விற்பவர்கள் சொல்வதில்லை: எரிசக்திச் செலவு வயலைப்போல் எண்பது மடங்குக்கும் மேல். அதில் பெரும்பங்கு குடிலைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் போனது. பெங்களூர், ஓசூர் எல்லாம் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நமக்கு அவ்வளவு ஆகாதுதான். ஆனாலும் 2024 ஏப்ரலில் பெங்களூரே 38 டிகிரியைத் தொட்டது. உரக்கரைசல் 28 டிகிரிக்கு மேல் சூடானால் அதில் ஆக்சிஜன் குறையும், பித்தியம் பூஞ்சை புகுந்து வேர் பழுப்பாகி வழவழவென்று கையோடு வரும். அதைத் தடுக்க கரைசலைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும். சில்லருக்கு கரண்ட் வேண்டும். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் என்பது கிணற்று மோட்டாருக்கு, சில்லரும் ஆர்.ஓ. மெஷினும் அதில் ஓடாது.

ஆர்.ஓ. என்றதும் இன்னொன்று. அந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. அதை அப்படியே தொட்டியில் விட்டால் கரைசலின் உப்பு அளவு உரம் கலப்பதற்கு முன்பே பாதி ஏறியிருக்கும். ஆர்.ஓ. போட்டால் ஒரு பங்கு நல்ல தண்ணீருக்குக் கழிவுத் தண்ணீர் ஒரு பங்காவது வெளியே போகும். மிச்சம் பிடித்ததில் கொஞ்சம் அங்கேயே போய்விடுகிறது.

லெட்டூஸ், பேசில், கேல் எல்லாம் யாருக்கு? இந்திரா நகரிலும் கோரமங்களாவிலும் இருக்கும் ரெஸ்டாரண்டுகளுக்கு. வாரத்துக்கு இத்தனை கிலோ எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் மூன்று நான்கு கடைகள் கையில் இருந்தால் இது நல்ல தொழில். தினமும் காலையில் கரைசலின் அமிலத்தன்மையையும் உப்பளவையும் அளந்து நோட்டில் எழுதுகிற ஆளும் வேண்டும். இது விவசாயத்தைவிட ஒரு சின்ன ஃபாக்டரிக்குத்தான் நெருக்கம் என்பது என் அபிப்பிராயம். ஃபாக்டரியை வாரக் கடைசியில் மட்டும் போய் நடத்த முடியாது.

வீட்டு மாடியில் சும்மா நான்கு குழாய் வைத்துப் பார்க்கிற ஆசை என்றால் தாராளமாக வைக்கலாம், அது வேறு. ஆனால் 2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீர் வாரியம் காவிரித் தண்ணீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று சொன்னதை மறக்க வேண்டாம். மாடிக்கும் மழைநீர்த் தொட்டி முதலில், குழாய் அப்புறம்.

பாலிஹவுஸ்

ஓசூர்ப் பக்கம் பாலிஹவுஸ் புதிதல்ல. காதலர் தினத்துக்கு ஏற்றுமதியாகும் ரோஜாவால் பிழைக்கிற வட்டாரம் அது. தமிழக அரசு நிறுவனமான டிட்கோவின் கூட்டு முயற்சியில் அமுதகொண்டப்பள்ளியில் வந்த டான்ஃப்ளோரா மலர்ப் பண்ணையையும், ஹெப்பாளில் இருக்கும் மலர் ஏல மையத்தையும் சுற்றி ஒரு முழு வேலைத்திறனே வளர்ந்திருக்கிறது: கவாத்து செய்யத் தெரிந்த பெண்கள், ஷீட் மாற்றத் தெரிந்த ஆட்கள், கேட்டால் அரை நாளில் வந்து, பனிபோல் தண்ணீர் தெளிக்கும் ஃபாகரைச் சரிசெய்யும் மெக்கானிக். இது சாதாரண அனுகூலம் இல்லை. தர்மபுரிக்குத் தெற்கே போய் பாலிஹவுஸ் போட்டால் இதெல்லாம் கிடைக்காது.

செலவைப் பார்ப்போம். இயற்கைக் காற்றோட்டமுள்ள சாதாரண பாலிஹவுஸ் சதுர மீட்டருக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. 1,000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் போட்டாலே மச்சானின் 12 லட்சத்தில் பெரும்பகுதி போய்விடும். தேசியத் தோட்டக்கலை இயக்கத்தில் அரசு நிர்ணயித்த செலவில் 50 சதவீதம் மானியம் உண்டு. ஆனால் கட்டி முடித்து, அதிகாரிகள் வந்து பார்த்த பிறகுதான் பணம் வரும். அதுவரை நம் காசோ வங்கிக் கடனோதான். நமக்குத் தெரிந்த ஒருவருக்கு, போட்டுக்கொடுத்த கம்பெனி காட்டிய அளவும் அதிகாரி அளந்த அளவும் ஒத்துப்போகாமல் மானியம் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. பைப்பின் கனம், ஷீட்டின் மைக்ரான், தூணுக்குத் தூண் இடைவெளி எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

குடைமிளகாய் போட்டால் ஒன்பது பத்து மாதம் பயிர் நிற்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு செடியையும் தொட வேண்டும்: வேண்டாத கிளையைக் கிள்ளி, மேலிருந்து தொங்கும் நூலில் தண்டைச் சுற்றி விட வேண்டும். கால் ஏக்கரில் 2,500 முதல் 3,000 செடி. இலைக்கு அடியில் இலைப்பேன் வந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். மூன்று நாள் பார்க்காமல் விட்டால் குருத்து சுருண்டுவிடும். பால்மாடு கட்டியிருக்கிற வீடு மாதிரிதான். ஒரு கல்யாணத்துக்குக் கூடக் குடும்பமாகக் கிளம்ப முடியாது.

நீடித்த விவசாயம் என்ற கோணத்தில் பாலிஹவுஸுக்குப் பெரிய சாதகம் ஒன்றும், பேசப்படாத இரண்டு பாதகங்களும் உண்டு. சாதகம் கூரை. 1,000 சதுர மீட்டர் கூரையில் வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 8 லட்சம் லிட்டர். ஒரு செடிக்கு நாளுக்கு 2 லிட்டர் என்று தாராளமாக வைத்தாலும் 3,000 செடிக்கு 6,000 லிட்டர். கூரைத் தண்ணீரை ஒரு குட்டையில் பிடித்தால் நான்கு மாதத்துக்கும் மேல் போரைத் தொட வேண்டாம். அதுவும் உப்பில்லாத தண்ணீர், சொட்டுவான் அடைக்காது. பாலிஹவுஸ் போடுகிற பலர் இந்த வாய்க்காலையும் குட்டையையும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். கட்டும்போதே போடாவிட்டால் அது வருவதே இல்லை.

பாதகம் ஒன்று, பிளாஸ்டிக். 200 மைக்ரான் ஷீட் மூன்று நான்கு வருடத்தில் மங்கி, வெளிச்சம் குறைந்துவிடும். ஏப்ரல், மே கோடை மழைக் காற்று அதற்கு முன்பே ஒரு மூலையைக் கிழித்தாலும் ஆச்சரியமில்லை. மாற்றிய ஷீட் எங்கே போகிறது? பெரும்பாலும் பழைய சாமான்காரரிடம் அல்லது வேலியோரத்தில். இரண்டு, நூற்புழு. ஒரே இடத்தில், மழையே படாத மண்ணில், வருடா வருடம் அதே குடும்பப் பயிரை வைப்பதால் வேரில் முடிச்சு முடிச்சாக வந்து மகசூல் சரியும். அதற்கு வீரியமான மருந்து ஊற்றத் தொடங்கினால், 'பூச்சிமருந்து குறைவு' என்று சொல்லிப் போட்ட பாலிஹவுஸில் கடைசியில் மண்ணுக்கு மருந்து என்று ஆகிவிடும். இடையில் ஒரு பருவம் செண்டுமல்லி போட்டு மண்ணோடு உழுவது, கோடையில் ஷீட் போட்டு மண்ணைச் சூடாக்குவது, வேப்பம் புண்ணாக்கு எல்லாம் உதவும். ஆனால் அந்த ஒரு பருவ வருமானத்தை விட மனம் வர வேண்டும்.

நிழல்வலைக் குடிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். செலவு குறைவு, மழை உள்ளே வரும், நாற்று வளர்க்கவும் கொத்தமல்லிக்கும் நல்லது. குடைமிளகாய்க்கு அரைகுறை.

சொட்டுநீரும் திறந்த வெளியும்

இங்கேதான் என் சாய்வு. அதனால் குறைகளிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

திறந்தவெளித் தக்காளி ஒரு சூதாட்டம். 2023 ஜூலையில் கோலார் மண்டியில் 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது; செப்டம்பரில் அதே தக்காளிக்குப் பறிக்கிற கூலி கூடக் கட்டவில்லை. ராயக்கோட்டையிலும் அதே கதை. எந்தத் தொழில்நுட்பமும் இதைச் சரிசெய்யாது. 2 ஏக்கரையும் தக்காளியாக்காமல் இருப்பது மட்டுமே சரிசெய்யும்.

அப்புறம், சொட்டுநீர் தானாகவே நிலத்தடி நீரைக் காப்பாற்றிவிடும் என்பது பாதி உண்மைதான். பாத்தியில் பாய்ச்சுவதைவிட ஏறக்குறைய பாதித் தண்ணீர் போதும், சரி. அந்த மிச்சத்தை என்ன செய்கிறோம்? 'அதான் தண்ணி இருக்கே' என்று பக்கத்துத் தரிசிலும் அரை ஏக்கர் வெள்ளரி போடுகிறோம். மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரை நிறுத்தவும் அவசரமில்லை. போர் முன்பு எவ்வளவு இறைத்ததோ அவ்வளவே இறைக்கிறது. வருமானம் கூடியது உண்மை. நிலத்தடியில் ஒரு சொட்டும் மிச்சமில்லை. கோலார்ப் பக்கம் ஆயிரம் அடிக்கும் கீழே போய்த் தேட வேண்டிய நிலை வந்ததையும், கடைசியில் பெங்களூரின் சாக்கடையைச் சுத்திகரித்து கே.சி. வேலி திட்டத்தில் 2018 முதல் அங்கே ஏரிகளுக்கு அனுப்ப வேண்டி வந்ததையும் பார்க்கிறோம். அதனால் சொட்டுநீர் போடும்போதே எத்தனை ஏக்கருக்கு மேல் போகமாட்டோம் என்றும் முடிவு செய்துவிட வேண்டும்.

நிறைகளைப் பார்த்தால், முதலாவது காசு. ஏக்கருக்கு ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய் ஆகும் அமைப்புக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். 5 ஏக்கருக்குள் இருந்தால் தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்கி விண்ணப்பிக்கலாம். பட்டா மாமா பேரில் இருந்தால் விண்ணப்பமும் மாமா பேரில். கூட்டுப் பட்டாவாக இருந்தால் சித்தப்பா, பெரியப்பா எல்லோரையும் ஒரு நாள் உட்காரவைத்துப் பேசிவிடுவது நல்லது. நான் பார்த்த வரையில் தொழில்நுட்பத்தைவிட அதுதான் அதிக நாள் பிடிக்கிறது. நிலம் கர்நாடகப் பக்கம், ஆனேக்கல், மாலூர், கனகபுரா என்று இருந்தால் பட்டாவுக்குப் பதில் பஹணி; அங்கே 2 ஹெக்டேர் வரை 90 சதவீதம். விவசாயி அல்லாதவர் கர்நாடகத்தில் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்றிருந்த தடையை 2020-ல் நீக்கிவிட்டார்கள் என்பதால் புதிதாக வாங்குகிறவர்களும் இப்போது இந்தக் கணக்கில் வருகிறார்கள்.

இரண்டாவது, வடிவமைப்பு நம் கையில் இருக்கிறது. டீலர் வந்து வரைபடம் போடுவதற்கு முன் போரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்கு அடியில் வைத்து, மோட்டார் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். 2 நிமிடம் என்றால் மணிக்கு 6,000 லிட்டர். ஒரு ஏக்கரில் 1.2 மீட்டருக்கு ஒரு வரிசை வைத்தால் செடி வரிசையோடு போகும் லேட்டரல் பைப் ஏறக்குறைய 3,370 மீட்டர் ஓடும். 40 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவான் என்றால் 8,400 சொட்டுவான். ஒவ்வொன்றும் மணிக்கு 2 லிட்டர் என்றால் ஏக்கர் முழுவதும் ஒரே நேரத்தில் திறக்க மணிக்கு 17,000 லிட்டர் வேண்டும். போர் தருவது 6,000. ஆக, ஏக்கரை மூன்று பகுதியாகப் பிரித்து மூன்று வால்வு வைக்க வேண்டும். வெயில் காலத்தில் ஒரு ஏக்கர் காய்கறிக்கு நாளுக்கு 20,000 லிட்டர் தேவைப்படும். இந்தப் போர் மூன்றரை மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும். இந்தக் கணக்கைச் செய்யாமல் 4 லிட்டர் சொட்டுவானை ஒரே வால்வில் போட்டுவிட்டுப் போனால், மேட்டுப் பக்கம் செடி காயும், பள்ளத்தில் அழுகும். அளப்பதை மே மாதக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் எல்லாப் போரும் நன்றாகத்தான் ஊறும்.

மூன்றாவது, பராமரிப்பை மாமாவால் செய்ய முடியும். வாரம் ஒரு தடவை டிஸ்க் ஃபில்டரைக் கழற்றி அலச வேண்டும். மாதம் இரண்டு தடவை ஒவ்வொரு லேட்டரலின் கடைசி மூடியையும் திறந்துவிட வேண்டும். முதல் அரை நிமிடம் காபி நிறத்தில் மண்டித் தண்ணீர் வரும், அப்புறம் வெளுக்கும், அப்போது மூடிவிடலாம். சொட்டுவான் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் சுண்ணாம்பு. ஆசிட் சிகிச்சை செய்ய வேண்டும், அதை மட்டும் தெரிந்த ஆளை வைத்துச் செய்வது உத்தமம். எலியும் அணிலும் கடித்த இடத்துக்கு ஜாயினர் பத்துப் பதினைந்து வாங்கி மோட்டார் ரூமில் போட்டு வையுங்கள். கெலவரப்பள்ளி அணைக் கால்வாய்ப் பாசனத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இது போதாது. தென்பெண்ணையில் நம் ஊரிலிருந்து போகும் நுரை அங்கேதான் தேங்குகிறது. அந்தத் தண்ணீருக்கு மணல் ஃபில்டர் இல்லாமல் சொட்டுநீர் போடுவது வீண். நாம் அனுப்புகிற அழுக்கில் விளைந்த கீரைதான் கே.ஆர். மார்க்கெட்டுக்குத் திரும்பி வருகிறது என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

ரகத்தைப் பொறுத்தவரை, ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர்களுடைய அர்க்கா ரக்ஷக் தக்காளி, இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும். மூன்று நோய்க்கும் மருந்து அடிக்கிற தடவைகள் குறைவதைவிட நல்ல 'தொழில்நுட்பம்' எனக்குத் தெரியவில்லை. விதையை அவர்கள் இணையத்திலேயே விற்கிறார்கள். நவம்பரில் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் நடக்கும் கிருஷி மேளாவுக்கு ஒரு நாள் போய்வந்தால், இங்கே நான் எழுதியதையெல்லாம் கண்ணால் பார்த்துவிடலாம்.

சென்சார், ட்ரோன், மொபைல் ஸ்டார்ட்டர்

ஐ.டி. ஆட்களுக்கு இதில்தான் ஆசை அதிகம். பெங்களூரிலேயே ஃபசல், க்ராப்இன் மாதிரி கம்பெனிகள் இருக்கின்றன. வானிலை, இலை ஈரம், மண் ஈரம் எல்லாம் அளந்து, இன்றைக்கு நோய் வர வாய்ப்புண்டு என்று போனுக்குச் சொல்லும் கருவிகள் பத்து ஏக்கர் திராட்சைக்கும் மாதுளைக்கும் நன்றாகவே பலன் தரும். 2 ஏக்கர் காய்கறிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. வானிலை அலுவலகம் 2019-ல் கொண்டுவந்த மேக்தூத் செயலியும், தமிழக அரசின் உழவன் செயலியும் காசில்லாமல் கிடைக்கின்றன. முதலில் அவற்றைத் திறந்து பார்க்கிற பழக்கம் வரட்டும்.

மண் ஈரத்துக்கு எனக்குப் பிடித்தது கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய சின்னக் கருவி. இரண்டு கம்பியை மண்ணில் குத்தி பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம், பச்சை என்றால் போதுமானது, ஆரஞ்சு என்றால் தண்ணீர் விட வேண்டும், சிவப்பு என்றால் உடனே. மாமா போன்றவர்களுக்கு ஆப்பும் பாஸ்வேர்டும் தேவையில்லாத சென்சார் இது. மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்ததும் மோட்டாரைப் போடுகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அரையடிக்குக் கீழே பச்சை எரிந்தால் அன்றைக்கு மோட்டார் ஓய்வெடுக்கலாம்.

மொபைல் ஸ்டார்ட்டர் கட்டாயம் வேண்டும். த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போது வரும் என்று ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பார்க்கிற வேலை மாமாவுக்கு மிச்சம். ஆனால் பொம்மசந்திரா கேன்டீனில் உட்கார்ந்து மோட்டாரைப் போடும்போது அங்கே சப்-மெயின் குழாய் உடைந்திருந்தால் நமக்குத் தெரியாது. தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் தானாக நிற்கும் வசதியும், அழுத்தம் விழுந்தால் நிறுத்தும் சுவிட்சும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

ட்ரோன் வாங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 80 சதவீத மானியத்தில், 8 லட்சம் ரூபாய் வரை, ட்ரோன் கொடுக்கும் திட்டம் 2023-ல் வந்தது. வாடகைக்குக் கிடைக்கும் இடத்தில் ஏக்கர் கணக்கில் அடித்துக்கொள்ளலாம். நெல், துவரை போன்ற பரந்த பயிருக்கு நல்லது. தக்காளியின் இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் வெள்ளை ஈயை மேலிருந்து அடித்துப் பிடிக்க முடியாது.

ராகியை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

மச்சானின் பட்டியலிலேயே ராகி இல்லை. நவீனம் இல்லையாம். எனக்கோ அந்த 2 ஏக்கரில் ஒரு ஏக்கராவது ராகிக்கும், ஊடே அவரைக்கும் துவரைக்கும் என்று தோன்றுகிறது. கர்நாடகத்தில் அக்கடி சாலு என்று சொல்கிற அதே கலப்பு விதைப்புதான். மானாவாரியில் நல்ல வருடத்தில் ஏக்கருக்கு எட்டுப் பத்து குவிண்டால் வரும். 2025-26க்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கிருஷ்ணகிரி, தருமபுரியில் அரசே நேரடியாகக் கொள்முதல் செய்கிறது. லட்சாதிபதி ஆகமுடியாது. ஆனால் போர்த் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், தட்டு மாட்டுக்கு ஆகும், அவரையின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும். அடுத்த வருடம் தக்காளியை இந்த ஏக்கருக்கு மாற்றினால் நோயும் குறையும். பயிர்ச் சுழற்சியும் ஒரு தொழில்நுட்பம்தான், டீலர் இல்லாத தொழில்நுட்பம்.

இதற்கும் ஒரு சிக்கல் உண்டு: யானை. ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றுகிற நேரத்தில்தான் பன்னேர்கட்டாவிலிருந்தும் காவிரிக் காட்டிலிருந்தும் கூட்டம் இறங்கும். காட்டோரத்து நிலமென்றால் ராகியை அந்த மூலையில் போட வேண்டாம். வேலியில் மின்கம்பியிலிருந்து நேரடியாகக் கரண்ட் விடுவது குற்றம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன. சூரியசக்தி வேலிக்கு முறைப்படி அனுமதி வாங்கிப் போடலாம்.

அப்போ 12 லட்சத்தை என்ன செய்வது?

மச்சானுக்கு நான் சொன்னது இது. ஒரு ஏக்கருக்குச் சொட்டுநீர், மானியத்தில். 20 மீட்டருக்கு 20 மீட்டர், 2 மீட்டர் ஆழத்தில் ஒரு பண்ணைக்குட்டை, உள்ளே கனமான ஷீட், சுற்றிலும் வேலி; குழந்தைகள் விழுந்துவிடக் கூடாது. சரிவெல்லாம் போக 6 லட்சம் லிட்டராவது பிடிக்கும். இதற்கு ஒன்றரை, இரண்டு லட்சம் ஆகலாம். மொபைல் ஸ்டார்ட்டர், ஃபில்டர், மண் பரிசோதனை, முதல் வருடம் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டும் சணப்பையும் விதைத்து மடக்கி உழுகிற செலவு எல்லாம் சேர்த்து இன்னொரு லட்சம். பக்கத்து ஊரில் விவசாயம் தெரிந்த ஒரு தம்பதிக்கு மாதச் சம்பளம், மாமாவுக்குத் துணையாக. இரண்டு வருடச் சம்பளத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். இந்த வரவுசெலவில் பெரிய தொகை அதுதான், இருக்க வேண்டியதும் அதுதான். மிச்சம் மூன்று, நான்கு லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும். தக்காளி விலை விழும் வருடத்துக்கு அது வேண்டும்.

குடும்பத்தில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய் இருக்கத் தயார் என்றால் என் பதில் மாறும். அப்போது கால் ஏக்கர் பாலிஹவுஸ், கூரைத் தண்ணீருக்குக் குட்டையோடு, கடன் வாங்கிக்கூடப் போடலாம். ஓசூர் வட்டாரத்தின் குளிர்ச்சியும் கைதேர்ந்த ஆட்களும் பெங்களூர் சந்தையும் அதற்குப் பொருத்தம். ரெஸ்டாரண்ட் தொடர்பு உள்ளவர்களுக்கு ஹைட்ரோபோனிக்ஸ் சரிப்படும், அதுவும் ஊரில் வேண்டாம். பெங்களூருக்குள் வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில்.

மச்சானுக்கு இன்னும் பாலிஹவுஸ் ஆசை போகவில்லை. சரி என்று, குட்டைக்கு மேட்டுப் பக்கமாக 1,000 சதுர மீட்டரைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பருவம் சொட்டுநீரை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்போதும் வேண்டும் என்றால் அங்கே போடட்டும். கூரைத் தண்ணீர் பம்பு இல்லாமலே குட்டைக்கு இறங்கும்.